மூலை வெட்டிய அட்டை

"என் அட்டையை நீதான் செய்யணும். வேற யார் செஞ்சாலும் நான் வாங்கமாட்டேன்" என்றாள் மூத்தவள், பசை டப்பாவின் மூடியைத் திருகிக்கொண்டே. கடைக்குப் போகிறவளிடம் உப்பு வாங்கி வரச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் சின்னவளின் கையிலிருந்த கத்தரி பாதித் தாளிலேயே நின்றுவிட்டது.

இருவரும் ஓரகத்திகள். அண்ணன் தம்பியைக் கட்டிக்கொண்டு பக்கத்துப் பக்கத்து வாசலில் குடித்தனம். ஓரகத்திகள் என்றாலே எலியும் பூனையும்தான் என்று உலகம் நினைக்கும். இவர்களும் முதல் சில வருடங்கள் உலகத்தை ஏமாற்றவில்லை. கொடியில் யார் துணி எவ்வளவு இடம் பிடித்தது என்பதற்காக மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததுண்டு. கடைசியில் அவர்களைச் சேர்த்துவைத்தது யாருடைய புத்திமதியும் அல்ல, ஒரு கட்டு வண்ணத்தாள். மூத்தவளின் மகன் பள்ளி விழாவுக்குக் காகிதப் பூ வேண்டுமென்று அழுது புரள, வேறு வழியில்லாமல் இரண்டு பேருமாக உட்கார்ந்து செய்ததில் சண்டை எந்தப் பக்கம் போனதென்றே தெரியவில்லை.

அந்த மகனுக்கு இப்போது மீசை முளைத்து, வேலைக்குப் போய், அம்மாவையே அதட்டும் வயது வந்துவிட்டது. காகிதம் மட்டும் இவர்களை விட்டுப் போகவில்லை. நூலகத்தின் பின்னறையில் வாரம் ஒருமுறை கூடும் குழுவுக்கு இவர்கள்தான் முதுகெலும்பு. தையல்காரம்மா துண்டுத் துணியும் ரிப்பனும் கொண்டுவருவாள். ஓய்வுபெற்ற தபால்காரர் உறை ஒட்டுவார். "முப்பது வருஷம் அடுத்தவங்க ஒட்டினதைச் சுமந்தேன், இப்போ நானே ஒட்டறேன்" என்று வாரம் தவறாமல் சொல்வார், வாரம் தவறாமல் யாரும் சிரிக்கமாட்டார்கள். பரிசுப் பெட்டி, காகிதப் பூங்கொத்து, பிறந்தநாள் அட்டை எல்லாம் விற்று வருவது ஆஸ்பத்திரியின் குழந்தைகள் பிரிவுக்குப் போகும். அது போக, அந்த ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் ஒவ்வொருவருக்கும், பார்க்க ஆள் வந்தாலும் வராவிட்டாலும், கையால் செய்த ஒரு அட்டை இலவசமாகப் போகும்.

எந்த அட்டையும் மூத்தவளின் கண்ணில் படாமல் அறையைத் தாண்டாது. குழுவில் அவளுக்குப் பெயரே 'தணிக்கை'. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, அட்டையைத் திறந்து, மூடி, ஓரங்களை விரலால் தடவிப் பார்ப்பாள். பசை வழிந்திருந்தாலோ மடிப்பு கோணியிருந்தாலோ மேஜையின் ஓரத்துக்குத் தள்ளி, "இது செல்லாது" என்பாள். அவ்வளவுதான், மேல்முறையீடு கிடையாது. "எமன்கிட்டகூட வாதாடிப் பார்க்கலாம், இந்தம்மாகிட்ட முடியாது" என்று தபால்காரர் ஒருமுறை நொந்துகொண்டார். அதற்கு மட்டும் எல்லாரும் சிரித்தார்கள்.

அவள் போட்ட சட்டங்களிலேயே பெரியது மேல்மாடிச் சட்டம். அந்த ஆஸ்பத்திரியின் கீழ்த்தளங்களில் இருப்பவர்கள் குணமாகி வீட்டுக்குப் போகிறவர்கள். மேல்மாடியில் இருப்பவர்களுக்கு மருந்து கொடுப்பது வலிக்குத்தான், நோய்க்கு அல்ல. குழு ஆரம்பித்த புதிதில் எல்லாருக்கும் ஒரே அட்டைதான் போயிற்று: 'சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு வாங்க.' ஒருநாள் மேல்மாடி நர்ஸ் ஒரு அட்டையைத் திருப்பிக் கொண்டுவந்தாள். அங்கே படுத்திருந்த ஒருவர் அதை அவளிடம் கொடுத்து, "இது இடம் மாறி வந்திருக்கு, கீழே யாருக்காவது கொடுத்திடுங்கம்மா" என்றாராம். கோபமாகக்கூடச் சொல்லவில்லை என்றாள் நர்ஸ். 

அடுத்த வாரத்திலிருந்து மேல்மாடிக்குத் தனி அட்டை. 'குணமாகி' என்ற சொல் அதில் வரவே கூடாது. 'உங்களை நினைச்சுக்கிட்டிருக்கோம்' என்று எழுதலாம். ஜிகினா கூடாது, படுக்கையில் உதிரும். அங்கே இருப்பவர்களின் தோல் வெங்காயச் சருகு மாதிரி, அட்டையின் கூர்மூலை பட்டாலே கீறிவிடுகிறது என்று நர்ஸ் சொன்னதால், நான்கு மூலையையும் வளைத்து வெட்ட வேண்டும். அதற்கென்றே ஒரு சின்ன இரும்புக் கருவி வாங்கினார்கள். மூலையைச் செருகி அமுக்கினால் 'டக்' என்று ஒரு துணுக்கு உதிரும். கீழ்த்தளத்து அட்டைக்குக் கூர்மூலை, மேல்மாடிக்கு வளைந்த மூலை. உறையைத் திறக்காமலே தொட்டுப் பார்த்து எது எந்தத் தளத்துக்கு என்று பிரித்துவிடலாம். இந்தச் சட்டத்தைப் போட்ட அன்று மூத்தவள் சொன்னது குழுவில் எல்லாருக்கும் மனப்பாடம்: "தெரியாம எழுதினா தப்பு. தெரிஞ்சே எழுதினா பாவம்."

அந்தப் பாவத்தைத்தான் இப்போது சின்னவள் செய்ய வேண்டியிருந்தது.

மூத்தவளுக்கு வயிற்றில் கட்டி. டாக்டர் அவளுடைய கணவரையும் மகனையும் சின்னவளையும் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "ஆபரேஷன் பண்ணினா கொஞ்ச காலம் கூடலாம், கூடாமலும் போகலாம். அந்தக் கொஞ்ச காலமும் பெரும்பாலும் இங்கேயே படுக்கையிலதான் போகும். இது குணமாக்கற ஆபரேஷன் இல்ல. அவங்ககிட்ட எடுத்துச் சொல்லுங்க, முடிவு அவங்களோடது." இதில் 'எடுத்துச் சொல்லுங்க' என்பதை மட்டும் விட்டுவிட்டு, மீதியைக் குடும்பம் கேட்டுக்கொண்டது.

வெளியே வண்டி நிறுத்துமிடத்தில் மகன் சொன்னான்: "கட்டியை எடுத்துட்டா சரியாயிடும்னுதான் அம்மாகிட்ட சொல்லப்போறேன். யாரும் வாய் திறக்கக்கூடாது. முக்கியமா நீங்க, சித்தி."

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறோம்டா."

"மறைப்போம் சித்தி. முடிஞ்ச வரைக்கும் மறைப்போம்" என்றான். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. அவன் அப்பா, பெரியவர், வண்டிச் சாவியைப் பூட்டில் நுழைக்கத் தெரியாமல் நின்றிருந்தார். இவர்கள் கெட்டவர்களாக இருந்திருந்தால் சின்னவளுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இரண்டு பேருமே மூத்தவளை உயிராக நினைக்கிறவர்கள், அதுதான் சங்கடம்.

ஆனால் இவர்களுக்குத் தெரியாத ஒன்று சின்னவளுக்குத் தெரியும். மாமியார் கடைசிக் காலத்தில் குழாய்களுக்கு நடுவே கிடந்தபோது இரண்டு மருமகள்களும்தான் முறைபோட்டுப் பார்த்துக்கொண்டார்கள். ஒருநாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் மூத்தவள் சின்னவளின் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்துச் சொன்னாள்: "எனக்கு இப்படி ஒண்ணு வந்தா என்னை வெட்ட விடாதேடி. காகிதத்தைக் கொடுத்து மேஜைக்கிட்ட உட்கார வை. கத்தரி என் கையில இருக்கணும், என் மேல படக்கூடாது." சின்னவள் சரி என்று தலையாட்டியிருந்தாள். அந்தத் தலையாட்டல்தான் இப்போது அவளை விடவில்லை.

ஆபரேஷனுக்கு நாள் குறித்தாயிற்று. அதற்கு முந்தின நாள் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, அன்று மாலை டாக்டர் வரும்போது மூத்தவள் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டும். சேர்வதற்கு முந்தின நாள் கடைசியாக ஒருமுறை பின்னறைக்கு வந்து உட்கார்ந்தபோதுதான் அவள் தன் அட்டையைக் கேட்டாள். குழுவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்தாலும் அவர்களுக்கும் ஒரு அட்டை உண்டு; அது வழக்கம். கேட்டுவிட்டு, "மூடியை இறுக்கி வைங்கம்மா, பசை காஞ்சுபோகுது" என்று தையல்காரம்மாவை ஒரு அதட்டு அதட்டிவிட்டுக் கிளம்பிப் போனாள்.

சின்னவள் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தாள். 'குணமாகி' என்று எழுதினால், அந்தச் சொல்லை மேல்மாடிக்குத் தடைசெய்தவளுக்கே அதை அனுப்புவதாகும். எழுதாமல் விட்டால், அட்டையைத் திறந்த மறுகணமே மூத்தவளுக்கு எல்லாம் விளங்கிவிடும். ராத்திரி கணவனிடம் கேட்டாள். "ஒரு அட்டைக்கு இவ்வளவா? நல்ல வார்த்தையா நாலு எழுதிக் கொடு, சந்தோஷப்படட்டும்" என்று அவன் திரும்பிப் படுத்துக்கொண்டான். அட்டையைப் பற்றி அவனிடம் கேட்டது தன் தப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தாள். மூத்தவளுக்குப் பிடித்த இளம்பச்சைத் தாள். திறந்தால் உள்ளே ஒரு சின்னக் காகித வீடு எழுந்து நிற்கும். கதவு கொஞ்சம் திறந்திருக்கும். அந்தக் கதவுக்கு மட்டும் நான்கு தடவை மடிப்புப் போட்டுக் கிழித்தாள். வீட்டுக்குக் கீழே எழுதினாள்: 'சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு வாங்க.'

எழுதி முடித்ததும் பேனாவை மூடி வைத்தாள். போய்த் தண்ணீர் குடித்தாள். திரும்பி வந்து, மேல்மாடிக்கு அனுப்ப வேண்டிய அந்த வாரத்து அட்டைகளை எடுத்து மூலை வெட்ட உட்கார்ந்தாள். டக், டக் என்று கருவி தன்பாட்டுக்கு ஓடியது. மனம் எங்கோ இருந்தது. கட்டின் கடைசியில் கைக்கு வந்த அட்டையையும் நான்கு மூலை வெட்டிவிட்டுப் பார்த்தால், அது இளம்பச்சை.

கை தவறிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். அப்படியானால் வேறு செய்ய வேண்டியதுதானே? தாள் மிச்சமிருந்தது. மாலைக்கு வெகுநேரம் இருந்தது. நேரமாகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அந்த அட்டையையே உறையில் போட்டாள். அது பொய் என்று அவளுக்கே தெரியும். வாய்விட்டுச் சொல்லத் துணிச்சல் இல்லாதவள் கையைச் சொல்லவைத்தாள். அவ்வளவுதான் விஷயம்.

ஆஸ்பத்திரியில் மூத்தவளுக்கு ஜன்னலோரப் படுக்கை. பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஆப்பிளைத் தோல் சீவிக்கொண்டிருந்தார். பழத்தைவிடத் தோல் தடிமனாக விழுந்தது. மகன் கைப்பேசியில் யாருக்கோ அறை எண் சொல்லிக்கொண்டிருந்தான். சின்னவளைக் கண்டதும் மூத்தவள், "ரெண்டு பேரும் கீழே போய் ஒரு காபி குடிச்சிட்டு வாங்க. ஆம்பளைங்க பக்கத்துல இருந்தா அட்டையைச் சரியா பார்க்க முடியாது" என்று அவர்களைத் துரத்தினாள். பிறகு கையை நீட்டினாள்.

கண்ணாடி நெற்றிக்கு ஏறியது. அட்டை திறந்தது. காகித வீடு எழுந்து நின்றது. மூத்தவள் கதவைச் சுண்டுவிரலால் அசைத்துப் பார்த்து, கீழே இருந்த வரியைப் படித்தாள். மறுபடி படித்தாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். பல வாரமாகச் சுமந்த எதையோ இறக்கி வைத்தவள் மாதிரி முகம் தெளிந்தது. "அப்பாடா" என்று மெல்லச் சொன்னாள்.

அந்த முகத்தைப் பார்த்ததும் சின்னவளுக்கு உயிரே போயிற்று. அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிடலாமா என்றிருந்தது. இந்த ஒரு மூச்சுக்காகவாவது மூலையைக் கூராகவே விட்டிருக்கலாமே பாவி, என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

மூத்தவள் அட்டையை மூடினாள். கட்டைவிரல் வழக்கம்போல ஓரத்தைத் தடவிக்கொண்டு போய், மூலைக்கு வந்து, நின்றது. அடுத்த மூலைக்குப் போனது. நான்கையும் தடவிவிட்டு நிமிர்ந்தாள்.

"மேல்மாடி அட்டைங்களோட சேர்த்து வெட்டிட்டியா?"

"ஆமாக்கா. கை தவறிடுச்சு."

"ஒரு மூலைன்னா தவறும். நாலு மூலையுமா தவறும்?"

சின்னவள் பார்வையை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"பாம்பின் கால் பாம்பறியும்டி. இத்தனை வருஷமா உன் கையைப் பார்க்கறேன்." மூத்தவளின் குரல் தாழ்ந்தது. "வீட்ல யாரைக் கேட்டாலும் ஒரே மாதிரி சிரிக்கிறாங்க. அவர் வாழ்க்கையில இதுவரைக்கும் எனக்கு ஒரு பழம் நறுக்கிக் கொடுத்ததில்ல, இப்போ தோல் சீவறார். அதனாலதான் உன்கிட்ட அட்டை கேட்டேன். நீ பொய் எழுத மாட்டேன்னு நம்பினேன்."

"அக்கா..."

"எழுத்து ஒண்ணு சொல்லுது, மூலை ஒண்ணு சொல்லுது. நீ எந்தப் பக்கம் இருக்கே? அதைச் சொல்லு."

சின்னவள் வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. மகனும் பெரியவரும் வந்துவிட்டார்கள். மகன் மூத்தவளுக்கென்று ஒரு காகிதக் கோப்பையில் காபி கொண்டுவந்திருந்தான். "டாக்டர் இன்னும் கொஞ்ச நேரத்துல வந்துடுவாரும்மா. கையெழுத்துப் போட்டுட்டா முடிஞ்சுது" என்றான்.

"எனக்கு ஆபரேஷன் வேண்டாம்" என்றாள் மூத்தவள். "வீட்டுக்குப் போகலாம்."

அவன் கோப்பையை எங்கே வைப்பதென்று தெரியாமல் திகைத்தான். "என்னம்மா திடீர்னு? பயமா இருக்கா? கட்டியை எடுத்துட்டா சரியாயிடும்னு டாக்டரே சொல்லியிருக்காரு."

"சொன்னாரா?"

"சொன்னாரும்மா! அப்பா, நீங்க சொல்லுங்களேன்."

பெரியவர் ஆப்பிளைப் பார்த்துக்கொண்டே, "சொன்னார்" என்றார்.

மகனின் கண் படுக்கையில் கிடந்த அட்டையில் விழுந்தது. பாய்ந்து எடுத்தான். திறந்து, காகித வீட்டைத் தள்ளி, வரியைக் கண்டுபிடித்தான். முங்கிக்கொண்டிருந்தவனுக்குக் கட்டை கிடைத்த மாதிரி அதைத் தூக்கிக் காட்டினான். "இதோ பாருங்க! சித்தியே எழுதியிருக்காங்க, சீக்கிரம் குணமாகி வீட்டுக்கு வாங்கன்னு. நம்பிக்கை இல்லாமலா எழுதுவாங்க? சொல்லுங்க சித்தி. அம்மாகிட்ட சொல்லுங்க."

அவன் கண்கள் கெஞ்சின. பூ வேண்டுமென்று அழுத நாளில் இருந்த அதே கண்கள். இவனை இடுப்பில் சுமந்திருக்கிறாள், பரீட்சைக்குப் படிக்க வைத்திருக்கிறாள். இவன் கேட்டு இதுவரை இல்லை என்று சொன்னதில்லை. அந்தப் பக்கம் மூத்தவள் எதுவும் கேட்காமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரில் ஒருவரை இந்த நிமிடத்தில் கைவிட்டாக வேண்டும். சின்னவள் படுக்கையின் இரும்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"அந்த எழுத்து பொய்டா" என்றாள். "நான்தான் எழுதினேன். பொய்யுன்னு தெரிஞ்சே எழுதினேன். மூலையைத் தொட்டுப் பாரு, அது மேல்மாடிக்குச் செய்யற அட்டை."

"சித்தி!" என்று அவன் போட்ட கத்தலில் பக்கத்துப் படுக்கைக்காரர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். "உங்களை யாரு... உங்களை நம்பினேனே!"  அட்டை கையிலிருந்து நழுவிப் போர்வையில் விழுந்தது. அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து, படுக்கை ஓரத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். பெரியவர் கத்தியைத் தட்டில் வைத்தார். "நான்தான்மா சொல்ல வேண்டாம்னேன். அவனைத் திட்டாதே" என்றார். அது உண்மையல்ல. ஆனால் மூத்தவள் அதைத் திருத்தவில்லை.

அவள் மகனின் தலையில் கை வைத்தாள். முடியை விரலால் கோதினாள். அவள் அழவில்லை, உதடு மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. "எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு" என்றாள். "எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியல. என் சாவு, நான்தான்டா கடைசியா கேள்விப்படறேன்."  

டாக்டர் வந்தார். நால்வரின் முகத்தையும் பார்த்து, எதுவும் கேட்காமல் வாசலிலேயே நின்றார். மூத்தவள், "உட்காருங்க டாக்டர். உள்ளதை உள்ளபடி என்கிட்ட சொல்லுங்க, அப்புறம் நான் கையெழுத்துப் போடலாமா வேண்டாமான்னு பார்க்கறேன்" என்றாள். பின்னறையில் கேட்கும் அதே குரல். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

சின்னவள் வெளியே போகலாம் என்று திரும்பினாள். இனி இந்தக் குடும்பத்தில் தனக்கு என்ன இடம் என்று தெரியவில்லை. மகன் தலை நிமிர்ந்து அவளைப் பார்க்கவே இல்லை; இனி என்றைக்குப் பார்ப்பானோ. அவள் செய்தது சரிதான் என்று யாராவது அப்போது சொல்லியிருந்தால்கூட அவளால் நம்பியிருக்க முடியாது.

"எங்கடி போறே?" என்றாள் மூத்தவள்.

போர்வையில் கிடந்த அட்டையை எடுத்தாள். கண்ணாடி மறுபடி நெற்றிக்கு ஏறியது. திறந்து, மூடி, ஓரத்தைத் தடவினாள். பிறகு படுக்கை மேஜையின் ஓரத்துக்கு, சின்னவள் நின்ற பக்கமாக, அதை நகர்த்தி வைத்தாள்.

"இது செல்லாது. வீட்டுக்குப் போனதும் வேற செஞ்சு கொண்டா. எழுத்தை மாத்து." விரலால் மூலையைத் தட்டிக் காட்டினாள். "மூலை நல்லா வந்திருக்கு. அதை மட்டும் மாத்தாதே."

மேல்முறையீடு கிடையாது என்று தெரிந்தும், சின்னவள் அந்த அட்டையை எடுக்க முடியாமல் நின்றுகொண்டிருந்தாள்.